மதலேனா பிள்ளை தூக்க வந்தாள்

சிப்பிக்குடி மேலத்தெருவுக்குள் கப்பல் வந்த காலையில் யாரும் அலறவில்லை. தண்ணி லாரிக்கு வரிசை போட்டிருந்த பெண்கள் மட்டும், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் குடத்தை எங்கே கொண்டு வைப்பது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு, குடங்களை இடுப்பில் ஏற்றி ஓரமாக ஒதுங்கினார்கள். கடற்கரை மணலைத் தாண்டி, மீன் ஏலக் கூடத்தைத் தாண்டி, அந்தோனியார் சிலை நிற்கிற கெபியை மரியாதையாகச் சுற்றி வளைந்து, மாடி மேல் மாடியாக வெள்ளைவெளேரென்று அந்தக் கப்பல், திருவிழாச் சப்பரம் வருகிற நிதானத்தில் வந்தது. பஸ்ஸில் கூட்டம் ஏறும்போது பெண்கள் முந்தானையை இழுத்துக்கொள்கிற மாதிரி வீடுகள் தங்கள் வாசற்படிகளை உள்ளே இழுத்துக்கொண்டன. கரண்டுக் கம்பிகள் குனிந்து வழிவிட்டன. கப்பலின் அடிவயிறு பட்ட இடமெல்லாம் தெரு நனைந்து, புழுதிக்குள் இருந்து சின்னச் சின்ன நண்டுகள் எழுந்து, இத்தனை நாள் எங்கே இருந்தோம் என்பதுபோல் விழித்தன. கடைசியில் அது எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்று, எதிர்வீட்டு முருங்கை மூட்டில் நங்கூரத்தை இறக்கி, சங்கை ஒரேயொரு தடவை மெதுவாக ஊதியது. தொட்டிலில் கிடந்த என் மகள் லியோனா சிரித்தாள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாளின் மேல் கையையும் வைத்துக்கொண்டேன்.

அது ஏன் வந்தது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்தது.

மதலேனா லைன் என்று இன்று பட்டணங்களில் விளக்குப் பலகை வைத்திருக்கிற கம்பெனி, எங்கள் ஊர் சூசைமிக்கேல் வாஸ் என்பவரின் ஒற்றைத் தோணியில் பிறந்தது. கருப்பட்டியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன அந்தத் தோணியில், மூட்டைகளுக்கு நடுவே ஆட்களும் போனார்கள். போனவன் திரும்பும்போதும் தன் தோணிக்காகவே காத்திருந்து ஏறினால் வாஸுக்கு மனம் குளிர்ந்து, பாய்மரத்தில் தொங்கிய கயிற்றில் அவன் பெயரைச் சொல்லி ஒரு முடிச்சுப் போடுவார். முடிச்சு கூடக்கூட முதலில் நிழலில் இடம் கிடைக்கும், அப்புறம் சுடுசோற்றில் முதல் அகப்பை கிடைக்கும், அதற்கும் அப்புறம் வாஸின் வாயால் வசவு வாங்காமல் ஊர்போய்ச் சேருகிற பாக்கியம் கிடைக்கும். வேறு தோணியில் ஏறிவிட்டு வந்தவனின் முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும் என்பார்கள். பெண்டாட்டிக்குப் பொய் சொன்னவன்கூட வாஸின் தோணிக்குப் பொய் சொல்ல அஞ்சினான். அந்தத் தோணிக்கு வாஸ் தன் பெண்டாட்டி மதலேனாவின் பெயரை வைத்திருந்தார். மகன் காலத்தில் தோணி நீராவிக் கப்பலாகிப் பெயரை வாங்கிக்கொண்டது. பேரன் காலத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு, நீச்சல் குளமும் நடனக்கூடமும் ஏற்றிக்கொண்டு, எங்கேயும் போய்ச் சேராமல் சும்மா சுற்றி வருவதற்கே சனங்கள் டிக்கெட் எடுக்கிற உல்லாசக் கப்பலாகியது. முடிச்சுகள் அட்டைகளாயின. சிப்பி அட்டை, பவள அட்டை, முத்து அட்டை. முத்து அட்டைக்காரர் கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தன் பெட்டியைத் தன் கையால் தொடாமலே இறங்கிப் போகலாம்.

பிறந்த ஊருக்கு லைன் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். கான்வென்ட் பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள். கம்பெனியின் பெயர் பெஞ்சைவிட நீளமாக இருந்ததால் ‘மதலே’ ஒரு பெஞ்சிலும் ‘னா லைன்’ அடுத்த பெஞ்சிலுமாக எழுதினார்கள், நான் ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை ‘னா லைன்’ மேல் உட்கார்ந்து படித்தவள். கண் முகாம் நடத்தி எல்லாருக்கும் ஒரே பவரில் கண்ணாடி கொடுத்தார்கள். ஊர் கொஞ்சகாலம் ஒருத்தரை ஒருத்தர் வேறு யாரோ என்று நினைத்து மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது. வருஷத்துக்கு ஒருமுறை, வாஸ் முதல் தோணி விட்ட நாளில், ஊர்ச் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்ப் பிரியாணி போட்டுச் சாயங்காலம் இறக்கிவிடுவார்கள். அதற்கும் ஆளுக்கொரு சிப்பி அட்டை உண்டு.

என் வீட்டுக்காரர் கிளாட்வின் அந்தக் கப்பலில் ஸ்டூவர்ட். வீட்டு ஆள் வேலை பார்க்கிற கப்பலில் நான் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று, எட்டு மாத வயிற்றோடு போன வருஷம் என்னை ஏற்றினார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் கடலிலேயே கிடப்பார்கள், பெண்கள் கால் நனைப்பதோடு சரி. ஆகவே கரை மறைந்ததும் ஏறியிருந்த பெண்கள் அத்தனை பேரும், பிரியாணிக்கு முன்பே, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு வலி கண்டது. பக்கத்தில் நிமிர்ந்து நிற்க முடிந்த ஒரே பெண் சிஸ்டர் எவுலாலியா, கான்வென்டில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரும் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நின்றார். லியோனா பிறந்தாள். நீலமாகப் பிறந்தாள். அழவில்லை.

உயிர் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிள்ளைக்கு இரண்டாவது தாயாகப் பொறுப்பேற்கிற ஞானத்தாய் இல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் சிஸ்டர் எவுலாலியா ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படியை எழுதினால் விடை சரியாக இருந்தாலும் தப்பு என்று போடுகிறவர். குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய் யார் என்று கேட்டார். ஒருத்திக்கும் வாயைத் திறக்க முடியவில்லை. மறுபடி கேட்டார். அப்போது கப்பலின் சங்கு ஊதியது. கேப்டனும் ஊதவில்லை, வேறு யாரும் ஊதவில்லை என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. அந்தச் சத்தத்தில் என் மகள் திடுக்கிட்டு, மூச்சை இழுத்து, அழுதாள். “சரி” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தண்ணீரை ஊற்றினார்.

லைனுக்கு இதில் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்நாளில் எவ்வளவு பங்கைக் கப்பலில் கழித்தீர்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் அட்டை கொடுப்பது. கரையிறங்கியபோது என் மகள் தன் வாழ்நாள் முழுவதையும் மதலேனாவில் கழித்திருந்தாள். முத்துக்கு மேலே என்ன என்று கம்ப்யூட்டருக்கே தெரியாததால், அவளுக்காகப் புதிதாக ஒரு அட்டை உண்டாக்கி, அதற்குக் கடல் அட்டை என்று பெயர் வைத்து, படம் எடுத்து எல்லா ஆபீசிலும் மாட்டினார்கள். படத்தில் நான் பயந்துபோய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிள்ளை தேறியபின் மீதிச் சடங்கைக் கோயிலில் முடிக்க நாள் குறித்தோம். எண்ணெய் பூச வேண்டும், வெள்ளைத்துணி போட வேண்டும், மெழுகுதிரி கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் சொன்னோம். என் வீட்டுக்காரரின் அக்கா பெர்பெத்துவா மைனி, மகளிர் குழுத் தலைவி, ஞானத்தாயாக நிற்கப் பட்டுச்சேலை எடுத்தாள். ஏற்கெனவே ஞானத்தாயாக நின்றவளுக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கப்பலுக்கு யார் போய் வெற்றிலை பாக்கு வைப்பது? அதனால் அவளே வந்தாள், அந்த நாளில், சரியான நேரத்துக்கு. ஏனென்றால் எங்கள் ஊரில் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது தாய் அல்ல. ஞானத்தாய் வாசலில் வந்து நிற்க வேண்டும், தாய் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“ஏட்டி ஜெனோவா, மொறைப்படி வந்து நிக்கா. நான் எப்படி ஊடால போவேன்?” என்று மைனி பட்டுச்சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். கோயிலில் பூசை வைக்கிற பங்குச்சாமியும் வந்து, கழுத்தை அண்ணாந்து கப்பலை மேலிருந்து கீழாகப் பார்த்து, ஞானத்தாய் உயிரோடு வந்து நிற்கும்போது வேறொருத்தி கையிலிருந்து பிள்ளையை வாங்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும், அவள் கத்தோலிக்கக் கப்பல்தானா என்று மட்டும் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார். சிஸ்டர் எவுலாலியா, பெயரே மதலேனா, பிறகென்ன விசாரணை என்றார்.

நான் கொடுக்கவில்லை. அவள் போகவில்லை.

ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. ஆட்டோ ஸ்டாண்டைக் கப்பலின் நிழலுக்கு மாற்றினார்கள். கீழ்மாடிக் கம்பிகளில் கருவாடு காய்ந்தது, அதற்கு மேல்மாடியில் துணி காய்ந்தது, எது மேலே எது கீழே என்பதில் சண்டை வந்து பங்குச்சாமி ஞாயிறு பிரசங்கத்தில் தீர்த்துவைத்தார். பஞ்சாயத்தில் இதை வீடாகச் சேர்ப்பதா வண்டியாகச் சேர்ப்பதா என்று வாதாடி, கதவு இருப்பதால் வீடு என்று முடிவுசெய்து நம்பர் ஒட்டினார்கள். உள்ளேயிருந்து கசிந்த ஏசிக் காற்றில் மேலத்தெரு குளிர்ந்துபோய், சித்திரை மாதத்தில் கிழவர்கள் மப்ளர் கட்டினார்கள். கப்பலோடு வந்துவிட்ட பயணிகள், இதுவும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான் என்று நினைத்துத் தெருத்தெருவாக நடந்து, குடிதண்ணீர் வரிசையைப் படம்பிடித்து, மைனியின் இறால் வடையைத் தின்றுவிட்டு, இதுவரை போன தீவுகளிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் பெட்டிக்குள்ளிருந்து சிப்பி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து தங்கள் பையைத் தூக்கிவர ஆள் அனுப்பச் சொன்னார்கள். விதியில் இருந்ததால் ஆள் போயிற்று. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஏணிதான் என்றாகிவிட்ட கிளாட்வின், காப்பி குடிக்க இறங்குவதற்குக்கூட கேப்டனிடம் கரையிறங்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கையுறையோடு அடுக்களையில் வந்து நின்றார்.

இதெல்லாம் நான் பயப்படுகிறவரைக்கும்தான் நடக்கும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையைக் கொடுத்தால் கப்பல் போய்விடும். ஆகவே வடை விற்கிறவர்களும் ஆட்டோக்காரர்களும் ஒவ்வொருத்தராக வந்து, கொடுத்துவிடாதே தாயி, கடல் யாரையும் திருப்பித் தந்ததில்லை என்று மிகுந்த கரிசனத்தோடு எனக்குப் பயத்தைப் புதுப்பித்துவிட்டுப் போனார்கள். பத்தாததற்கு எனக்கே பயம் நிறைய இருந்தது. லியோனா அழுதால் சங்கு கேட்காமல் ஓயமாட்டாள். பால் கொடுத்தால் வாயை எடுத்துவிட்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்புவாள். ஒருநாள் மத்தியானம் துணி எடுக்கப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், உயிர்காக்கும் படகு ஒன்று கயிற்றில் இறங்கி எங்கள் ஜன்னலுக்கு நேராகத் தொங்குகிறது, உள்ளே மெத்தை விரித்து, தலையணை வைத்து, கொசுவலைகூட மாட்டியிருக்கிறது. அன்றிலிருந்து நான் ஜன்னலையும் திறக்கவில்லை.

அப்புறம் சென்னையிலிருந்து சேதுநாராயணன் வந்தார். லைனில் வாடிக்கையாளர் விசுவாசத்துக்கு மேலாளர் அவர்; வாடிக்கையாளர் கப்பலிடம் விசுவாசமாக இருப்பதற்குத்தான் அவரிடம் திட்டம் இருந்தது, கப்பல் வாடிக்கையாளரிடம் இப்படி இருப்பதற்கு இல்லை. எஞ்சினில் பழுதில்லை, சுக்கான் சுற்றுகிறது, ஆனால் அசைய மாட்டேன் என்கிறது என்று சொல்லி, என் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குழந்தை கப்பலிலேயே வளரட்டும், தனி அறை, ஆயா, டாக்டர், பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சீசன் இல்லாத மாதங்களில் நான் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

“அவ எம் பிள்ளை சார்” என்றேன்.

“யாரு மேடம் இல்லேன்னா? நாங்க மெம்பர்னு மட்டும்தான் சொல்றோம்” என்றார்.

அன்று கேப்டன் அறையில் டீ கொடுக்கப் போன கிளாட்வின் திரும்பி வந்து, கையுறையைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை ஏறியதும் ஏணியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்களாம். கோயில் பக்கம் திரும்பாமல் நேராகக் கடலுக்கு விடுவதாகப் பேச்சாம். அவர் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு ஏதோ ஒன்று போய்விடும்.

ஆனால் கப்பல் காயத் தொடங்கியிருந்தது. தண்ணீரை விட்டு இத்தனை நாள் நின்றதில் அடிவயிற்றில் பெயிண்ட் கருவாட்டுத்தோல் மாதிரி உரிந்தது. தெருவில் எழுந்த நண்டுகள் ஒவ்வொன்றாகப் புழுதிக்குள் திரும்பிப் போயின. சங்கு கம்மிப்போய், சளி பிடித்த கிழவியின் இருமல்போல் வந்தது. சங்கு கம்மக் கம்ம லியோனாவின் அழுகையும் கம்மியது. அழுவதற்கு வாயைத் திறப்பாள், சத்தம் வராது. அவள் உதட்டோரத்தில் அந்தப் பழைய நீலம் ஒரு நூல்போல வந்து நின்றதைப் பார்த்த காலையில், நான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

மைனியைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு வெள்ளை உடுப்புப் போட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, ஜன்னலிலிருந்து வாசலுக்கு நகர்ந்து வந்து தொங்கிய படகில் என் கையாலேயே வைத்தேன். தெரு முழுக்க நின்று பார்த்தது. வடைச் சட்டிகள்கூட அடங்கிவிட்டன. முறைப்படி, பிள்ளை கோயிலுக்குப் போயிருக்கும்போது தாய் உள்ளே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். கொண்டுபோனவள் திரும்பக் கொண்டுவந்து மடியில் வைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. மைனி பாயை விரித்தாள். கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஏணி எடுக்கிற சத்தம் கேட்டது. நங்கூரம் முருங்கையின் பாதி வேரோடு கிளம்பிய சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தேன்.

மைனி நடைவாசலில் நின்று எனக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல் திரும்புதுட்டி என்றாள். மேலே கண்ணாடி அறையில் சேதுநாராயணன் சார் கடலைப் பார்த்துக் கையை நீட்டுறார் என்றாள். கேப்டன் சக்கரத்தை அந்தப் பக்கமாகச் சுத்துறார் என்றாள். அப்புறம் கொஞ்சநேரம் கழுத்தை நீட்டித் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்சநேரத்தில் நான் எனக்குத் தெரிந்த செபங்களையெல்லாம் நடுவிலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன், சிஸ்டர் பார்த்திருந்தால் எல்லாவற்றுக்கும் தப்புப் போட்டிருப்பார்.

அப்புறம் மைனி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, கப்பல் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் இரண்டு கையாலும் சுற்றினாராம், சேதுநாராயணன் சாரும் சேர்ந்து பிடித்துச் சுற்றினாராம். மதலேனா, பிடிவாதக்காரப் பிள்ளையைச் சந்தையில் இழுத்துக்கொண்டு போகிற பெண்மாதிரி, அவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வாசலில் முன்பக்கத்தைத் தாழ்த்தினாள். பங்குச்சாமி மேசைமேல் நாற்காலி போட்டு ஏறி எண்ணெய் பூசினார். சாத்தானையும் அவன் ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறாயா என்று ஞானத்தாயிடம் கேட்டபோது, மதலேனா நடனக்கூடத்து விளக்குகளை எல்லாம் அணைத்தாளாம்.

படகு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. கால் தானாகவே எழப் பார்த்தது, நான்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். படகு நிலைப்படியைத் தாண்டி, கயிற்றில் ஆடி ஆடி உள்ளே வந்து, என் மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. நின்றுவிட்டது. உள்ளே லியோனா நல்ல நிறமாக, வாயில் விரலோடு, என்னைப் பாராமல் மேலே கயிறு போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி எடுத்துவிடலாம். ஆனால் தாய் எடுக்கக் கூடாது, ஞானத்தாய்தான் வைக்க வேண்டும். கயிறு இறங்கவில்லை. வெளியே எஞ்சின்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

பயந்திருந்த இத்தனை நாளும் நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

“நீங்க அன்னைக்குக் கூப்பிடலைன்னா அவ அழுதே இருக்க மாட்டா” என்றேன். “எனக்குத் தெரியும். அதனாலதான் பயந்தேன். இனிமே அவ அழுதா நான் பார்த்துக்குறேன். தாங்க, மைனி.”

கப்பலை அப்படி முறை சொல்லிக் கூப்பிட நான் நினைத்திருக்கவில்லை, வாயில் வந்தது. பெர்பெத்துவா மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கயிறு இறங்கியது. படகு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, என் மகளை மடியில் வைத்தது. கோயில் எண்ணெயும் டீசலும் கலந்து அவள்மேல் வாசமடித்தது. தெருவில் வெகுநேரம், அகலம் போதாமல், கப்பல் பின்பக்கமாகவே கடலுக்குப் போகிற சத்தம் கேட்டது. வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் படிகளை வெளியே விட்டுக்கொண்டன. ஆட்டோக்காரர்கள் எரிச்சலோடு வெயிலுக்குத் திரும்பினார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நாளெல்லாம் அடக்கி வைத்தது, ஏங்கி ஏங்கி, நிறுத்த முடியாமல். லியோனா வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு, இதையெல்லாம் நிறையப் பார்த்துவிட்டவள்போலக் கொட்டாவி விட்டு, மார்பைத் தேடிக் குடிக்கத் தொடங்கினாள்.